நூற்று நாற்பத்தைந்தாம் தவணை

“என்னது, இன்னும் ஒரு தவணை பாக்கியா? விளையாடறாங்களா?”

மசாரு கத்திய கத்தலில் கூரைப் பனி சரியாமல் இருந்ததே பெரிது. அவன் அக்கா கயோ கையிலிருந்த கடிதத்தை மறுபடியும் உரக்கப் படித்தாள்.

“‘காலமான திரு. குனியோ சசாகி ஜாமீன் போட்ட கடனில் கடைசித் தவணை நிலுவையில் உள்ளது. மார்ச் முடிவதற்குள் செலுத்தாவிட்டால் வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். வங்கி மேலாளர், சசாகி.’ தபால் பெட்டியில கிடந்துச்சும்மா.”

“நம்ம பேரை வெச்சுக்கிட்டு நம்ம கழுத்தையே பிடிக்கிறான் பாரு!”

அவர்கள் ஊரான அகிதாவில் தெருவுக்கு நாலு சசாகி உண்டு. கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குப் பதிலாக ஜப்பானில் குத்தும் குடும்பப் பேர் பொறித்த வட்டமான சிவப்பு முத்திரை வேறு.

அவர்கள் அம்மா தோமிகோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்டோபரில் கணவர் குனியோ இறந்ததிலிருந்து அந்த இடத்தை விட்டு அவள் நகர்வதே இல்லை. அரைக் கிண்ணம் கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை. பேச்சும் இல்லை. “இப்படியே விட்டா வசந்தம் வரைக்கும் தாங்க மாட்டாங்க” என்று டாக்டர் பிள்ளைகளிடம் போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால்தான் வருடப் பிறப்புக்கு நாலு நாள் முன்னதாகவே பிள்ளைகள் இருவரும் டோக்கியோவிலிருந்து ஓடி வந்திருந்தார்கள்.

தோமிகோ கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாடியில ஹீட்டர் ஓடுதா?”

இரண்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஓடுதும்மா. என் ரூம்ல ஒண்ணு, அக்கா ரூம்ல ஒண்ணு.”

“ரெண்டையும் அணைடா! கடன் இருக்கிற வீட்டுல ஆளுக்கொரு ஹீட்டரா?”

“பணத்தை நான் கட்டிடறேன்மா...”

“உன் பணம் யாருக்குடா வேணும்? வயித்தைக் கட்டி, வாயைக் கட்டி உங்கப்பா கடனை அடைச்சோம். கடைசித் தவணையும் அப்படித்தான் போகணும்.”

அது பன்னிரண்டு வருடக் கதை. குனியோ ஜாமீன் போட்ட நண்பர் கடையைப் பூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டார். கடன் மொத்தமும் குனியோ தலையில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கே ஒரே ஒரு சூடுதான்: நடு அறையில் இருந்த கொத்தாட்சு. அடியில் ஹீட்டர், மேலே மெத்தைப் போர்வை போர்த்திய குட்டை மேஜை. நாலு பக்கம், நாலு பேர். படிப்பு, சாப்பாடு, சண்டை எல்லாம் அந்தப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டுதான். டிவி கிடையாது. பக்கத்து வீட்டுப் பழைய செய்தித்தாளை வாங்கி வந்து, காய்கறி விலையைக்கூட குனியோ நாடக வசனம் மாதிரி வாசிப்பார். ஒரு தொட்டி வெந்நீரில் நாலு பேரும் முறைவைத்துக் குளிப்பார்கள். மிச்சத் தண்ணீரில் மறுநாள் துணி துவைபடும்.

கடன் அடைந்த வருடமே மாடி அறைகளுக்கு ஹீட்டர் வந்தது. ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வசதியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது.

“கயோ! அந்த முள்ளங்கித் தோலை எங்கேடி கொண்டு போறே?”

“குப்பைக்கும்மா.”

“குப்பைக்கா! டோக்கியோவுல ரெண்டு காசு பார்த்ததும் கொழுப்பு ஏறிடுச்சா? கொண்டா இங்கே!”

எள் எண்ணெயில் தோமிகோ தோலை வதக்கி, சோயா சாஸ் ஊற்றி இறக்கினாள். மற்ற அறை விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு மூன்று பேரும் கொத்தாட்சுவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஐயோ! யார் கால் இது, ஐஸ் கட்டி மாதிரி?” என்று மசாரு துள்ளினான்.

“என்னோடதுதான். சின்ன வயசுல நீ என் வயித்துல வெச்சு எழுப்புவியே, அதுக்கு வட்டி” என்றாள் கயோ.

தோமிகோ கமலா ஆரஞ்சுக் கூடையைக் கொண்டுவந்தாள். “ஆளுக்கு ரெண்டுதான், அதுக்கு மேல கேட்கக் கூடாது.” காலியாக இருந்த நாலாவது பக்கத்திலும் இரண்டு பழம் வைத்தாள்.

“அப்பா எப்பவும் தன் பழத்தை எனக்குத்தான் தருவார்” என்றான் மசாரு.

“போடா, எனக்குத்தான்! ‘உனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லாதே’ன்னு குடுப்பார்.”

“எனக்கும் அதையேதானே சொன்னார்!”

“ஆளுக்கு ஒண்ணு. அதையும் திருட்டுத்தனமா” என்று சொல்லித் தோமிகோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கணவர் போன பிறகு அவள் அழுததும் இப்போதுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, காலிக் கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் சோறு போடு.”

கயோ வாங்கிச் சோற்றைக் குவித்து வைத்தாள். மசாரு போர்வைக்கு அடியில் அக்காவின் காலை ஒரு இடி இடித்தான்.

“என்ன அங்கே ரகசியம்?” என்ற தோமிகோ, ஏப்ரன் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். “ஏண்டி கயோ, பேங்க் மேலாளர் பேரு சசாகியாவே இருக்கட்டும். உன் தம்பி மூணு வயசுல கடிச்சு ஓரத்தை உடைச்சானே நம்ம வீட்டு முத்திரை, அவர் முத்திரையும் அதே இடத்துலயா உடைஞ்சிருக்கும்? மாசாமாசம் அதைக் குத்திப் பணம் கட்டினவ நான்தானே, நூத்தி நாப்பத்து நாலு தடவை!”

பிள்ளைகள் இருவரும் அவசர அவசரமாக ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்கள்.

தோமிகோ கடிதத்தைக் கணவரின் ஆரஞ்சுப் பழங்களுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

“போகட்டும், கடன்னா கடன்தான். ஆனா ஒரேயடியா கட்டித் தொலைச்சிடாதீங்க. வருஷா வருஷம் ரெண்டு பேரும் வந்து, கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க.”