கை எட்டுதா?

"வலது கையைத் தலைக்கு மேல கொண்டாந்து இடது காதைத் தொடும்மா."

நசீம் பானு முக்கி முனகிப் பார்த்தாள். எட்டவில்லை. அது அறுபத்தெட்டாம் வருஷம்; பிறந்த தேதி சர்ட்டிபிகேட்டை யார் கண்டார்கள்? கை காதைத் தொட்டால் அஞ்சு வயசு, ஒண்ணாங்கிளாஸில் இடம். அவ்வளவுதான்.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்க. ஆங், தொட்டுட்டியே! சேர்த்தாச்சு போ," என்றார் ஹெட்மாஸ்டர் ராஜமாணிக்கம்.

பீங்கான் கம்பெனிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அவள் அம்மா சம்சாத் பேகம் ஒரு சலாம் வைத்துவிட்டு ஓடினாள்.

பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறைமாச மனைவியின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நாயாய் அலைந்து, சமீபத்தில்தான் விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்தவர் அவர்.

"ஹெட்மாஸ்டர் தெனம் சாயங்காலமானா பாய்மார் தெருவுல வூடு வூடா போறாரு," என்று மனைவியிடம் பொருமினார். "பொட்டப்புள்ளைங்கள அனுப்புங்கங்கறாரு. நாலு வயசுகூட ஆகாததை எல்லாம் சேர்க்கறாரு. சும்மாவா செய்வாரு?"

"பக்ரீத்துக்குப் பிரியாணி வருமோ என்னமோ," என்றாள் ராஜாம்பாள்.

"பிரியாணியாவது! புள்ளைங்க கொறைஞ்சா இவரு நாற்காலி ஆடும். நான் விடப்போறதில்ல."

பள்ளிக்கூடங்களின் டெபுடி இன்ஸ்பெக்டர் சக்கரபாணி வந்த அன்று, ஹெட்மாஸ்டர் டீ சொல்லப் போன நேரம் பார்த்து கலியமூர்த்தி எல்லாவற்றையும் கொட்டினார்.

"அந்த நசீம் பானுவைக் கூப்பிட்டுப் பாருங்க சார். நேரா நின்னா கை எட்டாது!"

கூப்பிட்டார். எட்டவில்லை. கலியமூர்த்தி முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்!

"சரி, பேரை எடுத்துடலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "புள்ளைங்க கொறைஞ்சா ஒரு வாத்தியாரை நம்ம ஜில்லாக் கோடியில இருக்கிற மங்களூருக்கு மாத்தணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் ஹெட்மாஸ்டர் இப்படிப் பயந்து சாகறாரு."

"அவரை யாருய்யா மாத்தறது? கடைசியா வந்தவரைத்தான் மாத்துவோம். போன வாரமே ஆர்டர் போட்டிருப்பேன். 'அவரு சம்சாரம் நெறமாசமா இருக்குது, பொறுங்க சார், எப்படியாவது புள்ளைங்களச் சேர்த்துடறேன்'னு உங்க ஹெட்மாஸ்டர்தான் என்கிட்ட வந்து கெஞ்சினாரு."



இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"இப்ப நீங்களே சொல்லுங்க சார். இந்தப் புள்ளைக்குக் கை எட்டுதா, எட்டலையா?"