துப்பும் மரங்கள்

"லோர்னா! பூச்சி வந்துடுச்சு!"

கம்பிவேலியைத் தாண்டும்போதே டெல்மர் கத்தினான். கல்யாணச் சேதி கொண்டுவருகிறவன் முகம்.

லோர்னா காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

கெட்ட சேதிதான். பட்டைவண்டு அரிசிமணி அளவுதான் இருக்கும். பைன் மரப்பட்டைக்குள் புகுந்து குடும்பம் நடத்த ஆரம்பித்தால், அடுத்த கோடைக்குள் மரம் சிவந்து செத்துப்போகும். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் மலை மலையாக அப்படிச் சிவந்ததை இருவரும் பார்த்திருந்தார்கள்.

போன வருடம் லோர்னா தன் பக்கக் காட்டில் மரக்கூட்டத்தைப் பாதியாகக் குறைத்தாள். இந்த மே மாதம், பின்னால் காட்டுத்தீ வந்தால் பரவாமலிருக்க, தீயணைப்புக்காரர்களை வைத்தே தரைச் சருகுக்குத் தீ வைத்தாள். நல்ல மரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சுடுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் டெல்மர். தன் பக்கத்தில் ஒரு கிளையைக்கூட அவன் தொடவிடவில்லை.

"சூடு பட்ட மரம்னா அதுங்களுக்கு விருந்து. நீயே சமைச்சு, நீயே கூப்பிட்டு உக்கார வெச்சிருக்க."

அவள் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு அவன் பின்னால் காட்டுக்குள் நடந்தாள். கருகிய மரத்தைத் தேடி வண்டு வரலாம் என்று தீ வைக்க வந்தவர்களே எச்சரித்திருந்தார்கள். இந்தக் காட்டைவிட்டால் அவளுக்கு வேறு சொத்தும் இல்லை.

அடிப்பட்டை கறுத்திருந்த ஒரு பெரிய மரத்தின் முன்னால் அவளை நிறுத்தினான். தண்டெங்கும் இளஞ்சிவப்புப் பிசின் கட்டிகள்.

"எண்ணிக்கோ. ஒவ்வொண்ணும் ஒரு பூச்சி தொளச்ச எடம்."

அவள் எண்ணவில்லை. அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, ஒரு கட்டியைப் பிளந்தாள். உள்ளே வண்டு, ஜாமில் மாட்டிய எறும்பாட்டம் காலைப் பரப்பிக்கொண்டு செத்துக் கிடந்தது.

டெல்மர் கத்தியைப் பிடுங்கி அடுத்ததைப் பிளந்தான். செத்த வண்டு. அடுத்த மரம். அங்கும் செத்த வண்டு. தேர்தலில் தோற்றவன் மறுபடி எண்ணச் சொல்வதுபோல மரம் மரமாக ஓடினான். கையெல்லாம் பிசின். தொப்பியைச் சரிசெய்யப் போனான், தொப்பி கையோடு வந்துவிட்டது.

"நெருக்கம் கொறஞ்சதும் தண்ணி நல்லா கெடச்சிருக்கு. தெம்பிருக்கிற மரம் துப்பிடும், டெல்மர்." அவளுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

அவன் தொப்பியோடு போராடிக்கொண்டிருந்தான்.

"உன் பக்கமும் பிசின் இருக்கா?"

"இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?"

"அடியில தூளு," என்றான் மெதுவாக. "மாவு சலிச்ச மாதிரி."

வண்டு உள்ளே போய்விட்டது. துப்புவதற்கு அந்த மரங்களுக்குத் தெம்பில்லை. இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்த லோர்னாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

டெல்மர் தொண்டையைச் செருமினான்.

"தப்பிச்சு நிக்கறதுல எத வெட்டறது, எத விடறதுன்னு... நீ வந்து சொல்லேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரே வீட்ல குடித்தனம் பண்ணோமே, அத்தன வருஷம். ஒரு தடவையாவது என்கிட்ட இப்படிக் கேட்டிருக்கியா?"

கோர்ட்டில் காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்த அன்றுகூடப் பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருந்தவன், தரையைப் பார்த்தான்.

"அதான் இப்பக் கேக்கறேனே."