சரக்குத் தராசு

அப்பா கப்பலேறி ஓடிப்போன துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க அக்காதான் என்னை இழுத்து வந்தாள். முப்பது வருடங்களாக அவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. வாசலிலிருந்தே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குச் சோம்பலே கிடையாது.

பழைய கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில் ஏறி இறங்கினார்கள். அக்கா ஏறினாள், எழுபது. நான் ஏறினேன், நூற்று இருபத்தெட்டு.

"நீ அறுபத்தாறுதானேடா? கோபத்துக்கு இவ்வளவு எடையா?" என்று அக்கா சிரித்தாள்.

எரிச்சலோடு கீழே குதித்தேன். தட்டில் யாரும் இல்லை. முள் அறுபத்திரண்டில் நின்றது.

அக்காவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அறுபத்திரண்டு கிலோ உடம்பு, நூறு கிலோ மூட்டை தூக்கும்னு அப்பா பீத்திக்குவாரே..."

"அம்மா சாகும்போது எங்கய்யா போயிருந்தே? இப்ப மட்டும் எதுக்கு வந்து நிக்கிறே?" என்று வெறும் தட்டைப் பார்த்துக் கத்தினேன். முள் அசையவில்லை.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். "பழைய தராசு சார், ஒரு உதை விட்டா சரியாயிடும்" என்று காலைத் தூக்கினார்.

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"கால் பட்டுச்சு, தொலைச்சுடுவேன்."