பத்தாவது டிக்

“பத்து பிள்ளைய இருந்துது. இப்போ ஒண்ணுகூட இல்ல. நீ அழிக்காம பின்ன யாரு அழிச்சது?”

பள்ளிக்கூட ஆபீசில் நின்றுகொண்டே கேட்டார் சுயம்பு. கேரள எல்லை ஊரான அமரவிளையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்பவர். இந்தப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். இரண்டு வேலைக்கும் அவருக்கு ஒரே குரல்.

கேள்வி கிளார்க் பிரசீதாவுக்கு.

“ஞான் ஒண்ணும் அழிச்சிட்டில்லா, அண்ணா. அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகளுக்கெல்லாம் போன் நம்பர் மாத்திரம் மாத்தினேன்.”

“போன் நம்பர் மாத்தினா தமிழ் எதுக்குப் போவணும்? மலையாளம் படிச்ச ஆளுட்ட நம்ம பிள்ளையளுக்க லிஸ்டைக் குடுத்தது தப்பாக்கும்.”

 பிரசீதாவின் முகம் சிவந்துபோனது.

மூன்று மணிக்குத் தமிழ் வகுப்புப் பட்டியல் பள்ளி மேனேஜர் கைக்குப் போக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் இந்த வருஷம் தமிழ் வகுப்பு உண்டு என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். வகுப்பு இல்லையென்றால் லேகா டீச்சருக்கு வேலையும் இல்லை. டீச்சர் வாசலில் நின்று வாட்சையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டேகால்.

பள்ளியின் அட்மிஷன் வெப்சைட்டைச் செய்துகொடுத்த பிஜு நெய்யாற்றின்கரையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். ஒரு பிள்ளையின் பெயரைத் தட்டி எடிட் பக்கத்தைத் திறந்தான். தமிழ், சமஸ்கிருதம், அபாகஸ், கம்ப்யூட்டர் என்று வரிசையாகக் கட்டங்கள் வந்தன. எல்லாம் காலி. இன்னொரு பிள்ளை. அதுவும் காலி.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “தப்பு எனக்கதாக்கும்,” என்றான்.

“உனக்கதா?”

“எடிட் பக்கத்தைத் திறந்தா, பிள்ளை முன்னமே சேர்ந்த வகுப்புக்கெல்லாம் டிக் விழுந்து நிக்கணும். அதை வைக்க நான் விட்டுப்போட்டேன். பக்கம் காலியா வருது. அதோட சேவ் அடிச்சா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பும் வேண்டாம்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிடும்.”

சுயம்புவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அவ தொட்டது போன் நம்பரைத்தானே?”

“ஆமா.”

“அப்போ தொடாதது எப்பிடிப் போச்சு?”

“தொடாததுனாலதான் போச்சு, அண்ணா.”

சுயம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்கு வாழைக்குலை எவ்வளவோ தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“மக்கா, பத்தும் திரும்பி வருமா?” என்று லேகா டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

“போன வாரத்துக்க காப்பி எடுத்து வச்சிருக்கேன் டீச்சர். நோக்குவோம்.”

எடிட் பக்கத்தைச் சரிசெய்து, பழைய காப்பியை ஏற்ற இருபது நிமிஷம் தட்டினான். திரையில் தமிழுக்கு நேராகப் பத்து என்று வந்தது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கண்டியளா?” சுயம்பு எழுந்தார். “பெற்றோர் கூட்டத்துல நானாக்கும் எண்ணினது. ஒம்பது பேரு கையைத் தூக்கினாவ. பத்தாவது நான். மைக் பிடிச்சிட்டு இருந்ததுனால கையைத் தூக்கல்ல. பேரை வாசி, கேப்போம்.”

பிஜு வாசித்தான். சுயம்பு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒன்பது விரல் சரியாக மடங்கியது.

“பத்தாவது, உண்ணி.”

“உண்ணியா? அது எவம்லே? எனக்க மொவ அனகா எங்க?”

பிஜு மேலும் கீழுமாகத் தேடினான். அனகா இல்லை.

“பாத்தியா, இன்னும் சரியாவல்ல. எனக்க மொவளுக்க டிக்கு எவனோ உண்ணிக்க தலையில விழுந்து கிடக்கு. அதை எடுத்து மாத்தி வையி.”

இப்போது பிஜுவும் குழம்பிப்போனான். அனகாவின் பக்கத்தைத் திறந்தான். அபாகஸுக்கு டிக் இருந்தது. கம்ப்யூட்டருக்கு டிக் இருந்தது. தமிழ்க் கட்டம் மட்டும் காலி. தான் எழுதியதை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து பார்த்தான்.

“அண்ணா, இது பழுது இல்ல. பழுதுன்னா எல்லாம் சேர்ந்துல்லா போயிருக்கும்.”

“பின்ன?”

“அட்மிஷன் அன்னைக்கு உங்க போன்லயிருந்து நிரப்பினது அப்பிடியே இருக்கு. தமிழுக்கு நீங்க டிக் போடவே இல்ல.”

சுயம்பு சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார்.

“அது வந்து… பிள்ளைக்குச் சுமை கூடிப்போவும்னு அவ அம்மை சொன்னா. கேட்டுட்டு வந்து சொல்லுதேன். நீ முதல்ல அந்த உண்ணி யாருன்னு பாரு.”

பிஜு உண்ணியின் பக்கத்தைத் திறந்தான். தமிழுக்கு மட்டும் ஒரு டிக். பெற்றோர் என்ற இடத்தில் பிரசீதா என்று இருந்தது.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிரசீதா பட்டியலைப் பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டே சொன்னாள்.

“அனகாவுக்க அப்ளிகேஷன் வந்த அன்னைக்கே நோக்கினேன், அண்ணா. டீச்சருக்குப் பத்துல ஒண்ணு குறைஞ்சுது. அதான் என்றெ மோனைச் சேர்த்தேன்.”