புதுக் காரில் பழைய அடி

“சும்மா விடாதீங்க! இறங்குங்க!” என்று காரை ஓட்டி வந்த கணவரிடம் கத்தினாள் டீச்சர்.

கத்தாமல் என்ன செய்வாள்? வாங்கி ஒரு வாரமே ஆன கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஓரகத்தி வீட்டு வாசலில் நிறுத்தி நன்றாக ஹாரன் அடிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு கிளம்பியவள். சிக்னலில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சலவைக்கடை வேன் வந்து முட்டிவிட்டது.

கடைக்காரம்மாவேதான் வேனை ஓட்டி வந்திருந்தாள். மடித்து அடுக்கியிருந்த போர்வைகள் சரிந்து விழ, தலைமேல் கிடந்த ஒன்றை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

“தப்பு என்னுதுதாம்மா. பிரேக் போட லேட்டாயிடுச்சு.”

“இன்சூரன்ஸ் இருக்கா?”

“இல்லம்மா.”

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லை என்றதும் கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“போலீசைக் கூப்பிடுங்க. வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!” என்றார் குடை வைத்திருந்த ஒரு பெரியவர்.

“ஐயோ, வேண்டாங்க! இந்த வேன் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான். முன்னாடியெல்லாம் ஒழுங்காத்தாம்மா இன்சூரன்ஸ் கட்டிக்கிட்டிருந்தேன். மரம் விழுந்து வேன் நசுங்கினப்ப கம்பெனியிலேருந்து ஒண்ணுமே தேறல. அந்த வெறுப்புல விட்டுட்டேன்.”

“அந்தக் கதையெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லுங்க” என்று டீச்சர் கணவர் பக்கம் திரும்பினாள்.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவருக்கு வேலை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன். எந்த வண்டியைக் காட்டினாலும் ‘இது பழைய அடி’ என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார். ஆபீசில் அவர் பட்டப்பெயரே ‘பழைய அடி’தான். போயும் போயும் இவர் காரிலா வந்து மோதினாள் என்று நினைத்தபோது டீச்சருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

இறங்கிய கணவர் கடைக்காரம்மாவை ஒரு தடவை பார்த்தார். சட்டென்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

“ம்... இது பழைய அடி.”

“எதுங்க?”

“இந்த நசுங்கல்தான்.”

“கார் வாங்கியே ஒரு வாரம்தாங்க ஆகுது!”

“ஃபேக்டரியிலேயே பட்டிருக்கும்.”

“அப்ப இந்த லைட்டு? ஒயர்ல தொங்குதே!”

“தேய்மானம். சிலதுக்கு ஆயுசு கம்மி.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைக்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

“சார், நான்தான் சார் இடிச்சேன்.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“வேனை ஓட்டினதே நான்தானே சார்!”

“அதெல்லாம் ஆதாரம் ஆகாது.”

“நான் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்!” என்றார் குடைப் பெரியவர்.

“கண் ஆபரேஷன் ஆயிடுச்சா?”

“ஆச்சு.”

“அதான்.”

“என் வேன் பெயின்ட் உங்க கார்ல ஒட்டியிருக்கு பாருங்க சார். மஞ்சள்.”

“வெயில் பட்டா வெள்ளை மஞ்சளாகும்.”

“எது எப்படி மஞ்சளாகும்னு எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே சார்!”

அவர் காதில் வாங்கவில்லை. டிக்கி மேல் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

“இங்க யாரோ உட்கார்ந்திருக்காங்க.”

கூட்டம் மொத்தமும் டீச்சரைப் பார்த்தது. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து பம்பர் மடாரென்று கழன்று விழுந்தது.

“பாருங்க, யாராவது தொட்டீங்களா? தானா விழுது!”

கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் பொய் சொல்றவ இல்ல சார். என் தப்பை ஒத்துக்க விடுங்க சார்!”

“ஆதாரமில்லாம ஒத்துக்க முடியாது. வண்டியை எடுங்க.”

அவள் குழம்பிப்போய் வேனில் ஏறினாள். ஏறியவள் தலையை வெளியே நீட்டினாள்.

“உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கு சார்.”

அவர் குனிந்து காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். “எல்லாருக்கும் இதே குரல்தான். கிளம்புங்க, கிளம்புங்க.”

வேன் போனது. போலீசுக்குக் காத்திருந்த கூட்டமும் ஏமாந்து கலைந்தது. பின் சீட்டில் பம்பரைப் படுக்க வைத்துக்கொண்டு கார் கிளம்பியதும் டீச்சர் வெடித்தாள்.

“ஊர் வண்டிக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்குல அதுவே ஊறிப்போச்சு! தொட்டில் பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க? போகட்டும், நம்ம இன்சூரன்ஸ்லயாவது கேளுங்க.”

“பழைய அடிக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்? நம்ம செலவுதான்.”

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினோம் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த சிக்னலில் அவரே வாயைத் திறந்தார்.

“அந்த வேன் மேல மரம் விழுந்துச்சுன்னாங்களே... நிஜம்தான். கிளையெல்லாம் மேலயே கிடந்துச்சு. இலைகூட வாடல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் போய்ப் பார்த்தேன்.”

“பார்த்துட்டு என்ன சொன்னீங்க?”

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

“இன்னிக்கு நம்ம காருக்குச் சொன்னேனே, அதையேதான்.”