இடது பட்டன்

"உன் தம்பி பட்டன்ல எதையோ சொருகி வெச்சிருக்கான்மா. இல்லேன்னா கத்தி எப்படி இறங்கும்? நீயே சொல்லு."

முதலாளி, எழுதி வைத்திருந்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அட்டைப்பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி. அக்காவுக்குப் பசை மேஜை, தம்பிக்கு அட்டை வெட்டும் மெஷின். நாலு நாளுக்கு முன்னால் அந்த மெஷினில் தம்பியின் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பதினோரு வருஷமாகப் பார்க்கிற மெஷின். இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். ரெண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். ரெண்டு கையும் பட்டனில் இருக்கும்போது விரல் எப்படி அடியில் போகும்? யாராவது குறுக்கு வழி பண்ணினால்தான் உண்டு.

"போன வாரம் அது படுத்துக்கிச்சே, ஞாபகம் இருக்கா? மெக்கானிக் வந்து எட்டிப் பார்க்கவே ஒரு தொகை கேப்பான். நானே உக்காந்து சரி பண்ணேன். அப்புறம் ஜம்முனு ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு முதலாளி."

அதில் பொய் இல்லை. ஃபேன், மோட்டார், தண்ணி பம்பு, எது நின்றாலும் ஸ்க்ரூடிரைவரோடு இவரே குனிந்துவிடுவார். பசை மேஜையில் இவருக்குக் 'கைவைத்தியர்' என்று பட்டப்பெயரே உண்டு. கஞ்ச மகாபிரபுதான், ஆனாலும் கைராசிக்காரர் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் தம்பி வேறு கதை சொல்லியிருந்தான்.

"அட்டை சரிஞ்சுதுக்கா. இடது கையால தள்ளினேன். வலது கை பட்டன் மேல பட்டுது. அவ்வளவுதான். நான் ஒண்ணுமே பண்ணல."

"ஒத்தைப் பட்டனுக்குக் கத்தி இறங்குமாடா? யார் காதுல பூ சுத்தறே? சீக்கிரம் முடிச்சுட்டு ஓடணும்னு குச்சியைக் கிச்சியைச் சொருகியிருப்பே. உண்மையைச் சொல்லித் தொலையேன்!"

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். செய்யறதையும் செய்துவிட்டு வீம்பு வேறு!

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "தப்பு அவனோடதுதான்னு, பக்கத்துல இருந்த நீ கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. ஆஸ்பத்திரியை நான் பார்த்துக்கறேன். அவனுக்கு வாட்ச்மேன் வேலையும் தர்றேன்."

"நஷ்ட ஈடு ஏதாவது..."

"நல்லா இருக்கே! தப்பு அவன் மேல, நஷ்ட ஈடு என் மேலயா? சட்டப்படி ஒண்ணும் கிடைக்காதும்மா. ஏதோ என் மனசு கேக்கல, அதான் வேலை தர்றேங்கறேன்."

"ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க அவனுக்கு. எடுத்த வேலையை ஒழுங்கா செய்யத் தெரியலையே பாவிக்கு!"

புலம்பிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்தைப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே வெட்டும் மெஷின் உறுமியது.

கண்ணாடித் தடுப்பு வழியாக இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். முதலாளியின் மருமகன்! கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகிறது. மாமனாருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, நாலு நாளாக மூடிக் கிடந்த மெஷினின் துணியை விலக்கிவிட்டு அவரே அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு விழுந்தடித்து ஓடினார்.

"மாப்பிள்ளை! கையை வெளிய எடுங்க! இடது பட்டன் செத்துப் போச்சு, நான்தான் உள்ளயே ஒயரைச் சேர்த்து முறுக்கி விட்டிருக்கேன்! புது சுவிட்ச் நாளைக்குக் காலையிலதான் வருது. வலது பட்டன்ல லேசா பட்டாலே கத்தி இறங்கிடும்!"

மருமகன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். முதலாளி சுவிட்சை அணைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

திரும்பினால், கையெழுத்துப் போட்ட தாளோடு அவள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"இதை என் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, முதலாளி?"