ஒலிக்காத கைப்பட்டை

போன மாத சுனாமி ஒத்திகையில் தெரு முழுக்க எல்லார் கையிலும் எச்சரிக்கைக் கைப்பட்டைகள் ஒலித்தன. அம்மாவுடையது மட்டும் ஒலிக்கவில்லை. பழுது என்று நினைத்து பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன்.

“கெட்டுப்போகலம்மா,” என்றார் அலுவலர் இருதயராஜ். “கடலடியில மண் சரிஞ்சா, அலை வர்றதுக்குள்ள அந்த முட்டிவலியோட உங்கம்மா சுனாமி மாடி ஏற முடியாதுன்னு கணினி சொல்லுது. படியில அவங்க நின்னுட்டா பின்னால வர்றவங்களும் அலையில போயிடுவாங்க. அதான் ஒலிக்க விடுறதில்ல.”

“அப்ப அவங்க சாகட்டும்னா சொல்றீங்க?”

“நீதான் மாலை வகுப்புல இந்தக் கணினிக் கணக்கப் படிக்கிறியே, நீயே போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். நான்தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் அம்மா தனியாக நடக்கிறாள். நான் தூக்கிக்கொண்டு வருவேன் என்று அலுவலகத்தில் பதிவு செய்தேன்.

இன்றைய ஒத்திகையில் என் பட்டையும் ஒலிக்கவில்லை. அம்மாவைச் சுமப்பவளையும் கணினி கழித்துவிட்டது.

“உன்னுதும் போச்சாடி?” என்றாள் அம்மா.

அவளை முதுகில் சுமந்து போய், சுனாமி மாடியின் படிக்கட்டில் வழியை மறித்து உட்காரவைத்தேன். நானும் உட்கார்ந்தேன். கீழே கூட்டம் நெரிந்தது.

“வழி விடும்மா,” என்றார் கூட்டத்தை மேலேற்றிக்கொண்டிருந்த இருதயராஜ்.

“உங்க கணக்குப்படி நாங்க ரெண்டு பேரும் இங்க இல்ல சார். மிதிச்சிட்டுப் போங்க.”